ஓட்டுநர் தலைக்கு மேல் ஒரு மூடி

போர்க்களத்து டாங்கியை வெறுங்கையால் தூக்கி மேசைமேல் வைத்த பெண் இந்த உலகத்திலேயே நான் ஒருத்திதான். வேறு யாராவது இருந்தால் முன்னால் வரட்டும், நான் ஒதுங்கிக்கொள்கிறேன். சரி, கொஞ்சம் குறைத்துச் சொல்கிறேன். அந்த டாங்கி ஒரு முழ நீளம். எடையும், நன்றாகத் தின்று கொழுத்த ஒரு பூனையின் எடைதான். ஆனால் தூக்கியபோது அது கனத்தது மட்டும் கூட்டிச் சொன்னதில்லை. அசல் டாங்கிகூட அப்படிக் கனத்திருக்காது.

அதைச் செய்தவன் என் கொழுந்தன். ஊருக்கு அவன் பல்செட்டுக்காரர். பல் டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்பினால், அதைப் பார்த்துச் செயற்கைப் பல்வரிசை செய்து கொடுப்பது அவன் தொழில். இந்த ஊரில் சிரிக்கிற வாய்களில் பாதி அவன் கைவேலை. என் வாயும் அதில் அடக்கம். மெழுகில் பல் பல்லாக நட்டு, மேல் வரிசையையும் கீழ் வரிசையையும் கடிக்க விட்டு, நடுவில் நீலத்தாளை வைத்துப் பார்ப்பான். எங்கே அதிகமாகத் தொடுகிறதோ அங்கே நீலப் புள்ளி விழும். அந்தப் புள்ளியை மட்டும் தேய்ப்பான். மறுபடி கடிக்க விடுவான். மறுபடி தேய்ப்பான். ஒரு மயிரிழை இடித்தாலும் அவன் கை பொறுக்காது.

வாலிபத்தில் அவன் பட்டாளத்தில் இருந்தான். சண்டை நடந்தபோது டாங்கியில் பீரங்கி திருப்புகிற வேலை. சண்டையை முடித்துக்கொண்டு வந்தவன், வீட்டுக் கதவுகளோடு சண்டையை ஆரம்பித்தான். வந்த கையோடு வீட்டிலிருந்த தாழ்ப்பாள் அத்தனையையும் கழற்றிப் போட்டுவிட்டான். குளியலறைக்குக்கூடத் தாழ் கிடையாது. உள்ளே இருப்பவர் பாடிக்கொண்டே குளிக்க வேண்டும். பாட்டு நின்றால் அறை காலி என்று அர்த்தம், யாராவது கதவைத் தள்ளிவிடுவார்கள். எனக்குக் குரல்வளம் வந்ததே அந்த வீட்டில் தங்கியிருந்தபோதுதான் என்று சொல்லிக்கொள்வேன். குரல்வளம் வரவில்லை, வெட்கம் போனதுதான் மிச்சம்.

பேருந்தில் படிக்கட்டுக்குப் பக்கத்தில்தான் நிற்பான், உட்கார இடம் இருந்தாலும். லிஃப்ட் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டான். அவன் மனைவி, அதாவது என் ஓர்ப்படி, கல்யாணமான புதிதில் என்னிடம் கேட்டாள்.

"அக்கா, இவருக்குத் திருட்டுப் பயமே கிடையாதா? ராத்திரியெல்லாம் வீடு பப்பரப்பான்னு திறந்து கிடக்கு!"

"உங்க வீட்டுல என்னடி இருக்கு திருட? ஊர்க்காரங்க பல்லுதானே?" என்று சொல்லிச் சிரித்தேன். வெளியிலிருந்து ஒருவன் உள்ளே வந்துவிடுவானோ என்பதல்ல, உள்ளே இருப்பவர் வெளியே வர முடியாமல் போய்விடுமோ என்பதுதான் அவன் பயம் என்று எனக்கும் அப்போது தெரியாது.

தெரிந்தது, தலையெல்லாம் நரைத்த பிறகு, ஒரு மத்தியான வேளையில். என் மேல் வரிசை கடைவாயில் உறுத்துகிறது என்று அவன் பட்டறைக்குப் போயிருந்தேன். பல்லைக் கழற்றி அவனிடம் கொடுத்துவிட்டுப் பொக்கை வாயை முந்தானையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது ஒரு அம்மாள் உள்ளே வந்தார். மெலிந்த உடம்பு, மணி அடித்தாற்போலக் குரல். தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். அவருக்கு நாங்கள் பிறகு வைத்துக்கொண்ட பெயர் டெலிபோன் அம்மா.

"என்னைத் தெரியுதாண்ணா? உங்க வண்டியை ஓட்டினாரே, அவரோட தங்கச்சி."

கொழுந்தன் எழுந்து நின்றான். தலையை ஆட்டினான்.

"எனக்கு ஒரே ஒரு ஆசைண்ணா. எங்க அண்ணன் கடைசியா உட்கார்ந்திருந்த இடத்தைக் கண்ணால பார்க்கணும். ரவுண்டானாவுல ஒரு டாங்கி நிக்குதே, அதே மாதிரி வண்டிதானாமே? உள்ள பார்க்க விடுங்கன்னு கேட்டேன். எல்லா மூடியையும் வெல்டிங் வச்சு அடைச்சாச்சும்மா, எறும்புகூடப் போக முடியாதுன்னுட்டாங்க. நீங்க கையில வேலை தெரிஞ்சவர். சின்னதா ஒண்ணு செஞ்சு காட்டுங்களேன். அண்ணன் சீட்டு தெரியணும். தலைக்கு மேல இருந்த மூடி திறக்கணும். அது போதும்."

"செய்றேம்மா" என்றான்.

அந்த அம்மாள் போன பிறகும் பாலிஷ் மெஷின் சும்மா சுற்றிக்கொண்டே இருந்தது. அவன் முகம் பிளாஸ்டர் மாவு பூசியதுபோல இருந்தது. என் பல் அவன் கையில் இருந்ததால் என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. அதனால்தான் அவன் பேசினான் என்று நினைக்கிறேன்.

"அண்ணி, கதவை நல்லாத் திறந்து வைங்க."

திறந்துதான் இருந்தது. நான் போய்ச் சுவரோடு ஒட்டித் தள்ளிவைத்தேன். அப்புறம் சொன்னான்.

அந்த வண்டியில் நாலு பேர். மேலே சுழலுகிற தலைக்குள் மூன்று பேர். கீழே முன்பக்கம் இடதுபுறத்தில் ஓட்டுநர் தனியாக. ஓட்டுநருக்கு வெளியே வர ஒரே வழி, அவர் தலைக்கு மேலிருக்கும் மூடி. அது எழுந்து பின்னால் சாய வேண்டும். பீரங்கி நேராக இருந்தால் மூடி திறக்கும். நன்றாக இடப்பக்கம் திரும்பியிருந்தாலும் திறக்கும். கொஞ்சமாக மட்டும் இடது பக்கம் திரும்பி நின்றுவிட்டால், குழாய் அந்த மூடிக்கு மேலே வந்துவிடும். அப்போது மூடி எழும், இடிக்கும், நின்றுவிடும். அதனால் பீரங்கிக்காரனுக்கு ஒரு கட்டளை உண்டு: எது நடந்தாலும் பீரங்கியை ஒதுக்கிவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

"வண்டியில அடி விழுந்துச்சு. புகை. மேல இருந்த ரெண்டு பேரும் ஏறிக் குதிச்சாங்க, நானும் குதிச்சேன். ஓட்டுநர் வரல. பீரங்கியை ஒதுக்கினேனா, இல்லையா, அதுதான் அண்ணி எனக்கு ஞாபகம் இல்ல. மறுநாள் கயிறு கட்டி இழுக்கறப்போ வண்டித் தலையை யாரோ திருப்பிட்டாங்க, பீரங்கி எப்படி நின்னுச்சுன்னு பார்க்க முடியாமப் போச்சு. அடி விழுந்த உடனேயே அவர் உயிர் போயிருக்கலாம். இல்ல, உள்ள இருந்து தட்டிக்கிட்டே இருந்திருக்கலாம். தட்டுற சத்தம் கேட்டுச்சா இல்லையான்னுகூட எனக்குத் தெரியல."

அவன் என் பல்லை நீலத்தாளில் வைத்துப் பார்த்தான், ஒரு தேய்ப்புத் தேய்த்தான், என்னிடம் நீட்டினான். நான் வாங்கி மாட்டிக்கொண்டேன். பல் கச்சிதமாகப் பொருந்தியது.

அதன்பின் வேலை தொடங்கியது. அசலில் பதினாறில் ஒரு பங்கு என்று கணக்கு வைத்துக்கொண்டான். வெளியளவு எடுக்க ரவுண்டானாவுக்குப் போனோம். துணைக்கு நான். பட்டப்பகலில், நாலு பக்கமும் வண்டிகள் ஓட, டாங்கியின் மேல் ஏறிக் குந்திக்கொண்டு, வாய்க்குள் அச்செடுக்கிற மாவைக் குழைத்து ஓட்டுநர் மூடியின் விளிம்பில் அப்பினான். போக்குவரத்துக் காவலர் ஒருவர் விசிலை வாயில் வைத்தபடியே ஓடி வந்தார்.

"ஏங்க, இறங்குங்க! என்ன பண்றீங்க மேல?"

"அச்செடுக்கறாருங்க" என்றேன் நான் கீழிருந்து.

"அச்சா? டாங்கிக்குப் பல்லு வலியாம்மா?"

"ஆமாங்க. கடைவாய்ப் பல்லு. ரொம்ப வருஷமா இனிப்பே தின்னல, ஆனாலும் வலி."

காவலருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சீக்கிரம் பிடுங்கிட்டுப் போங்க, மேலதிகாரி வர்ற நேரம்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் திரும்பி மேலே பார்த்தேன். கொழுந்தன் சிரிக்கவில்லை. மூடிக்கும் வண்டிக்கும் நடுவே கிடந்த வெல்டிங் தழும்பின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு இருந்தான். பிறகு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, விரல் முட்டியால் அந்த மூடியை மெல்லத் தட்டினான். தட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்டான்.

பட்டறையில் டாங்கி வளர்ந்தது. ஈறு செய்கிற அக்ரிலிக்கில்தான் செய்தான். அதனால் அது முழுக்க இளஞ்சிவப்பு. வாயிலிருந்து விழுந்த ஈறு ஒன்று சக்கரம் முளைத்து நிற்கிறதுபோல இருந்தது. "இதைப் பார்த்தா எதிரி சிரிச்சே செத்துடுவான்ப்பா" என்று நான் சொன்னபோது உதடு கொஞ்சம் அசைந்தது. சங்கிலிப் பட்டைகளைப் பல்பல்லாக வார்த்துப் பித்தளைக் கம்பியில் கோத்தான். குழாயைத் திருகி, கடைந்து, துளையிட்டான். வெளிப்பக்கம் சீக்கிரமே முடிந்துவிட்டது. உள்பக்கம்தான் முடியவே இல்லை.

"மூடினதுக்கப்புறம் யார் கண்ணுக்கும் தெரியாத இடத்துக்கு எதுக்கு அக்கா இத்தனை பாடு? குண்டூசித் தலையளவு திருகாணிக்குக்கூட மரை போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கார். சாப்பிடக் கூப்பிட்டா காதுல விழமாட்டேங்குது" என்று ஓர்ப்படி என்னிடம் அழுதாள்.

உள்பக்கத்தில்தான் விஷயமே இருந்தது. பீரங்கிக்காரன் உட்காரும் இருக்கை தலையோடு சேர்ந்து சுற்றும். அவன் முழங்கால் பக்கத்தில் ஒரு சந்து. கை நுழையும், ஆள் நுழைய முடியாது. பீரங்கி நேராக இருந்தால் அந்தச் சந்து வழியே ஓட்டுநரின் முதுகு தெரியும். பீரங்கி திரும்பத் திரும்ப அதில் வேறு வேறு பொருள்கள் தெரியும். அன்றைக்கு, குதிக்குமுன் கடைசியாகக் கொழுந்தன் குனிந்து பார்த்தபோது தெரிந்தது இரண்டு: சுவரில் மாட்டியிருந்த சிவப்புத் தீயணைப்பு உருளையில் பாதி, ஓட்டுநரின் இடது முழங்கை. அந்தக் காட்சி மட்டும் அவனை விட்டு ஒருநாளும் போனதில்லை. உருளையும் இருக்கையும் சந்தும் அதனதன் இடத்தில் சரியாக அமைந்துவிட்டால், அந்தக் காட்சி தெரிகிற வரைக்கும் தலையைத் திருப்பினால் போதும். குழாய் எங்கே நின்றது என்று தெரிந்துவிடும். மூடியைத் திறந்து பார்த்துவிடலாம்.

வெளியை ரவுண்டானாவில் அளந்தான். உள்ளே எல்லாவற்றையும் வெல்டிங் வைத்து அடைத்துவிட்டார்களே, அதை எங்கே போய் அளப்பது? அதற்கு அவன் உடம்பு ஒன்றுதான் அளவுகோல். ஒரு நாள் சாப்பாட்டு மேசையை நகர்த்தி, அலமாரியை இழுத்து, நாற்காலிகளைப் போட்டு, கூடத்திலேயே வண்டியின் உள்ளறையை அமைத்தான். முன்னால் ஒரு குட்டை ஸ்டூல், அதில் ஓர்ப்படி, முதுகைக் காட்டிக்கொண்டு. பின்னால் இவன். நடுவில் நான் ஒரு சிவப்பு ஃபிளாஸ்கைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அதுதான் உருளை.

"இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளுங்க அண்ணி. ஆங், அங்கதான். நீ முழங்கையை வெளிய வை. அப்படி இல்ல, கியர் பிடிக்கிற மாதிரி."

"எனக்கு ஸ்கூட்டர்கூட ஓட்டத் தெரியாது, டாங்கி கியரு எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் ஓர்ப்படி, சிரிப்பும் எரிச்சலுமாக.

அவன் கண்ணை மூடினான். முழங்காலைத் தடவினான். அலமாரிக்கு ஒரு கை, மேசைக்கு ஒரு கை. பிறகு குனிந்து, கண்ணைத் திறந்து, சந்து வழியே பார்த்தான். அப்படியே நின்றுவிட்டான். சட்டை முதுகோடு ஒட்டும் அளவுக்கு வேர்த்துக் கொட்டியது. மூச்சு விசில்போல வந்தது.

"இறங்கு" என்றான்.

ஓர்ப்படி திரும்பிப் பார்த்தாள்.

"இறங்கு! இறங்குடா! இறங்குன்னு சொல்றேன்ல!"

அவள் பதறி எழப் பார்த்தாள். ஸ்டூலின் கால் அலமாரிக்கும் மேசைக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. முழங்கால் மேசையில் இடித்தது, எழ முடியவில்லை. அவன் கத்திக்கொண்டே இருந்தான். அந்தக் குரல் என் கொழுந்தன் குரலே இல்லை, எந்தக் காலத்திலோ ஒரு புகைக்குள் கத்தாமல் விட்ட குரல். நான் ஃபிளாஸ்கைப் போட்டுவிட்டு மேசையைத் தள்ளினேன். கண்ணாடி உடைந்து தரையெல்லாம் வெந்நீர். ஓர்ப்படி வெளியே வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் பல் கிட்டித்துப் போயிருந்தது.

அன்றைக்குத்தான் அவளிடமும் எல்லாவற்றையும் சொன்னான். அவள் கேட்டுவிட்டு, முழங்காலில் கட்டிய ஐஸ் துணியைப் பிடித்தபடியே கேட்டாள்: "திறக்காதுன்னு தெரிஞ்சா என்ன பண்ணுவீங்க?"

"தெரியல" என்றான்.

அந்தப் பதில்தான் எங்களைப் பிடித்து ஆட்டியது. அதிலிருந்து அவள் அவனைத் தனியே விடவே இல்லை. பட்டறை வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு காய் நறுக்குவாள், துணி தைப்பாள், உள்ளே காதை வைத்துக்கொண்டிருப்பாள். ரம்பச் சத்தம் நின்றால் உடனே எட்டிப் பார்ப்பாள். எனக்கும் போன் பண்ணுவாள். "அக்கா, சத்தத்தையே காணோம்." "போய்ப் பாருடி." "பார்த்தேன், பசை காயறதுக்காகக் காத்துட்டிருக்கார்." இப்படி எத்தனை தடவை எங்கள் உயிர் போய்த் திரும்பி வந்தது!

கடைசியாக ஓட்டுநரைச் செய்தான். மெழுகில், என் சுண்டுவிரலைவிடக் கொஞ்சம் பெரிதாக, உட்கார்ந்த வாக்கில் ஒரு பொம்மை. இடது முழங்கை வெளியே நீட்டி. சட்டை மடிப்புகூட இருந்தது. முகம் மட்டும் வழவழவென்று வெறுமையாக.

"முகம் வைக்கலையாப்பா?"

"வேணாம் அண்ணி. வச்சா என்னைப் பார்க்கும்."

முதல் சோதனையின்போது நாங்கள் இரண்டு பேரும் கூடவே இருந்தோம். பல் டாக்டர்கள் வாய்க்குள் விட்டுப் பார்ப்பார்களே, நீளக் காம்பு வைத்த குட்டிக் கண்ணாடி, அதை டாங்கியின் மேல் மூடி வழியே உள்ளே விட்டான். மற்றொரு கையால் தலையை மெல்ல மெல்லத் திருப்பினான். கண்ணாடியில் பொம்மையின் முதுகு தெரிந்தது. அது நகர்ந்தது. முழங்கை வந்தது. சிவப்பு வந்தது. பாதிச் சிவப்பு. நிறுத்தினான். குழாய் சரியாக ஓட்டுநர் மூடியின் பக்கம் வந்து நின்றிருந்தது. குழாய்க்கும் மூடிக்கும் நடுவே நீலத்தாளைச் செருகினான். மெழுகுக் கத்தியின் நுனியால் மூடியைத் தூக்கினான்.

மூடி எழுந்தது. குழாயை ஒட்டி வழுக்கிக்கொண்டு, பின்னால் சாய்ந்து, முழுசாகத் திறந்தது. நீலத்தாளை எடுத்துப் பார்த்தான். மூடியின் விளிம்பில் ஒரு புள்ளிகூட இல்லை.

"திறக்குது" என்றான். "அண்ணி, திறக்குது! ஏய், திறக்குதுடி!"

அன்று அவன் கடைத்தெருவுக்குப் போய் ஒரு தாழ்ப்பாள் வாங்கி வந்தான். தானே துளை போட்டுக் குளியலறைக் கதவில் பொருத்தினான். உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டு, பாட்டே பாடாமல் குளித்தான். ஓர்ப்படி கதவுக்கு வெளியே நின்று அழுதாள்.

அந்தச் சந்தோஷத்தைக் கெடுத்தது அவன் கட்டைவிரல். வண்ணம் பூசுமுன் எல்லா விளிம்பையும் ஒருமுறை தடவிப் பார்ப்பது தொழில் வழக்கம். வாயில் வைக்கிற பொருளில் நகம் மாட்டுகிற இடம் இருக்கக் கூடாதே. மூடியின் விளிம்பைத் தடவியவன் அப்படியே நிறுத்தினான். ரவுண்டானாவில் எடுத்த அச்சிலிருந்து வார்த்த பிளாஸ்டரை அலமாரியிலிருந்து எடுத்தான். அசல் மூடியின் விளிம்பு சதுரமாக, கனமாக இருந்தது. அவன் செய்தது வளைந்து, வழுவழுப்பாக, மெலிந்து இருந்தது.

"தேய்ச்சிருக்கேன்" என்றான்.

"என்னது?"

"எனக்கே தெரியாம என் கை தேய்ச்சிருக்கு அண்ணி. பொருத்திப் பார்க்கறப்போ எங்கயோ இடிச்சிருக்கும். இடிச்ச இடத்தைத் தேய்க்காம இந்தக் கைக்கு இருக்கத் தெரியாது. முப்பது வருஷமா ஊர்ப் பல்லு எல்லாத்தையும் அப்படித்தானே தேய்ச்சிருக்கு."

அப்படியானால் திறந்தது மூடி இல்லை, அவன் பழக்கம். அவன் எழுந்து போய்க் குளியலறைத் தாழ்ப்பாளைத் திருகு திருகாகக் கழற்றினான். முன்பு வெறும் சந்தேகம் இருந்தது. இப்போது, எங்கோ இடித்திருக்கிறது என்பது அவன் கைக்கு மட்டும் தெரியும்.

மூடியைப் புதிதாகச் செய்தான். இந்தத் தடவை தேய்க்கிற அரத்தை என்னிடம் கொடுத்து வைத்தான். நான் அதை என் கைப்பைக்குள் போட்டுப் பூட்டிக்கொண்டேன். அசலின் அளவுக்கு அளவு பார்த்து வார்த்தான், பொருத்தினான், ஆனால் சோதித்துப் பார்க்கவில்லை.

"அவங்க வரட்டும். அவங்க கையாலயே திறக்கட்டும்."

"ஏம்ப்பா, என் பேச்சைக் கொஞ்சம் கேளு" என்றேன் நான். "தலையை நேரா வச்சு ஒட்டிடு. பசை போட்டு ஒரு அழுத்து. மூடி அழகாத் திறக்கும். அந்தம்மா சீட்டைப் பார்த்துட்டுக் கண்ணைத் துடைச்சுக்கிட்டுப் போயிடுவாங்க. யாருக்கு என்ன நஷ்டம்?"

"ஒட்டலாம் அண்ணி. ரவுண்டானாவுலயும் அப்படித்தான் ஒட்டி வச்சிருக்காங்க."

நான் கைப்பையின் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டேன்.

டெலிபோன் அம்மா வந்தார். வண்டி பச்சை வண்ணம் பூசி, புழுதி பூசி, அசலையே தூரத்திலிருந்து பார்ப்பதுபோல அலமாரியில் நின்றது. கொழுந்தனால் அதைத் தொட முடியவில்லை. நான்தான் தூக்கி மேசைமேல் வைத்தேன். அந்த அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சங்கிலியைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், மேல் மூடி வழியே எட்டிப் பார்த்து, "அது அண்ணனா?" என்று மெல்லக் கேட்டார்.

கொழுந்தன் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். கட்டளையைச் சொன்னான், உருளையைச் சொன்னான், முழங்கையைச் சொன்னான், ஞாபகம் இல்லாததையும் சொன்னான். நடுவில் ஒருமுறை ஓர்ப்படி அவனுக்குத் தண்ணீர் கொடுத்தாள், அதை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டுத் தொடர்ந்து சொன்னான். சொல்லி முடித்துவிட்டுக் குட்டிக் கண்ணாடியை விட்டு, பாதிச் சிவப்பும் முழங்கையும் தெரிகிற வரைக்கும் தலையைத் திருப்பினான். நீலத்தாளை வைத்தான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவர் வரைக்கும் விலகிப் போனான்.

"திறந்து பாருங்கம்மா."

அந்த அம்மாள் நகத்தை விளிம்பில் கொடுத்துத் தூக்கினார். மூடி எழுந்தது. ஒரு சின்னச் சத்தம். நகத்தால் பல்லைத் தட்டியதுபோல. மூடி பாதியில் நின்றுவிட்டது. இன்னும் ஒருமுறை தூக்கினார். மறுபடி அதே சத்தம். நீலத்தாளைத் திருப்பிப் பார்க்கத் தேவையே இல்லை, மூடியின் விளிம்பில் கடுகளவு நீலம் பளிச்சென்று தெரிந்தது.

நான் கொழுந்தனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு, தலையில் விழப்போகும் அடிக்குக் காத்திருப்பவனைப் போல நின்றான். அப்போது டெலிபோன் அம்மா அந்தப் பாதி திறந்த இடுக்கைப் பார்த்து, ஒரு சிரிப்புச் சிரித்துச் சொன்னார்: "எங்க அண்ணன் ஒல்லிப்பிச்சான். சின்ன வயசுல ஜன்னல் கம்பி வழியாவே வெளிய ஓடிப்போவார். இவ்வளவு இடுக்கு இருந்தா அவருக்குத் தாராளம். வரலைன்னா, அடி விழுந்தப்பவே உயிர் போயிருக்கு. நீங்க காரணம் இல்லண்ணா." கொழுந்தன் குழந்தைபோல விம்மி விம்மி அழுதான். அவனைப் பிடித்திருந்த பயம் அன்றோடு அவனை விட்டது.

இது வரைக்கும் எழுதிவிட்டு, மேசைக்கு எதிரே உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்த ஓர்ப்படியிடம் படித்துக் காட்டினேன். அவள் கடைசிவரை கேட்டாள். பட்டாணித் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"அக்கா, அந்தம்மா அப்படிச் சொல்லவே இல்ல. ஒல்லி, ஜன்னல் கம்பி எல்லாம் நீங்க சொன்னது. அன்னிக்கே, அவங்க எதுவும் பேசாம உட்கார்ந்திருக்கறதைப் பார்க்க முடியாம நீங்கதான் சொன்னீங்க. உங்களுக்கு அவங்க அண்ணனை முன்னப்பின்னகூடத் தெரியாது."

"சரி, அப்ப அவங்க என்னதான் சொன்னாங்க?"

"ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம் பீரங்கியை ஒரு விரலால ஒதுக்கினாங்க. மூடியை முழுசாத் திறந்தாங்க. உள்ள விரலை விட்டு அந்த மெழுகு பொம்மையை வெளிய எடுத்தாங்க. முழங்கை ஒடியாம, பதமா எடுத்தாங்க. கைக்குட்டையில சுத்திப் பையில வச்சுக்கிட்டு, 'வண்டி உங்ககிட்டயே இருக்கட்டும்'னாங்க. இவர் அழவும் இல்ல அக்கா. தெருமுனை வரைக்கும் கூடப் போய் ஆட்டோ ஏத்தி விட்டுட்டு வந்தார். வந்து கையைக் கழுவினார். யாருக்கோ கீழ் வரிசை அன்னிக்குச் சாயங்காலமே கொடுக்கணும்னு இருந்துச்சு. அரம் எங்கன்னு உங்ககிட்ட கேட்டு வாங்கினார். உட்கார்ந்து தேய்க்க ஆரம்பிச்சுட்டார்."